4-4-2 என்று எழுதினால் மார்க் வராது

கால்பந்துப் பயிற்சியாளர் லைசென்ஸ் தேர்வுக்கு முதல் தடவை போனபோது ஃபார்மேஷன் பாடத்தை, அதாவது பின்வரிசையிலிருந்து முன்வரிசை வரை எத்தனை பேரை எங்கே நிறுத்துவது என்ற பாடத்தை, நான் வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டு வைத்திருந்தேன். 2-3-5, டபிள்யூ-எம், 4-2-4, 4-3-3, 4-4-2 என்று வரிசை தப்பாமல் ஒப்பிப்பேன், எந்த அணி எந்த வருஷம் என்பது வரை. வாய்மொழித் தேர்வில் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. தேர்வாளர் மேஜைமேல் இரண்டு நிறத்தில் சட்டைப் பொத்தான்களைப் பரப்பினார், எதிரணியின் சென்டர் ஃபார்வர்டாக இருந்த வெள்ளைப் பொத்தானை விரலால் பின்னுக்கு இழுத்து நடுக்களத்தில் விட்டார். "இப்ப உங்க ஸ்டாப்பர் என்ன செய்வார்?"

ஸ்டாப்பர் என்றால் பின்வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபெண்டர். கூடவே போவார் என்றேன். அவர் விட்டுப்போன இடத்துக்குள் இன்னொரு வெள்ளைப் பொத்தானை ஓடவிட்டார். சரி, போகமாட்டார், அங்கேயே நிற்பார் என்றேன். "அப்ப இவரை யார் பிடிப்பாங்க?" என்று நடுவில் சும்மா நின்றவரைத் தட்டிக் காட்டினார். எனக்கு வாய் அடைத்துப்போனது. அந்தத் தடவை தேறவில்லை.

வீட்டுக்கு வந்து புரட்டியபோதுதான் தெரிந்தது, அவர் என்னிடம் கேட்டது 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் நடந்த ஆட்டம். ஹங்கேரியின் ஹிடெகுட்டி 9 எண் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னால் இறங்கி ஆட, இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப், அதாவது அவர்களுடைய ஸ்டாப்பர், ஜான்ஸ்டன் பின்தொடரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். ஹங்கேரி 6-3, ஹிடெகுட்டி மட்டும் 3 கோல். அந்த ஆட்டமும் தேதியும் என் நோட்டிலேயே இருந்தன, வயிற்றெரிச்சல் அதுதான்.

அதனால் இரண்டாம் தடவை படிக்கிறபோது முறையை மாற்றினேன். ஒவ்வொரு ஃபார்மேஷனும் அதற்கு முன்னால் இருந்த ஏதோ ஒரு தலைவலிக்கு மருந்து, அந்தத் தலைவலி என்ன என்று முதலில் எழுது, எண்ணைக் கடைசியில் எழுது. இதற்கு 1925-ஐ விட நல்ல இடம் கிடையாது. அதுவரை ஆஃப்சைடு (பந்து வரும்போது எதிரணிக் கோலுக்கு மிக அருகில் நிற்கும் தவறு) ஆகாமல் இருக்க எதிரணியில் மூன்று பேர் கோலுக்கும் உங்களுக்கும் இடையில் இருக்கவேண்டும், அதனால் ஒரு டிஃபெண்டர் முன்னால் ஏறி வந்தாலே தாக்குகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள், தப்பினாலும் பின்னால் இன்னொருவர் இருப்பார். அந்த வருஷம் மூன்றை இரண்டாக்கினார்கள். இங்கிலாந்து முதல் டிவிஷனில் 1924-25 சீசனில் 1,192 கோல், அடுத்த சீசனில் அதே எண்ணிக்கை ஆட்டங்களில் 1,703. இந்த இரண்டு எண்களை மட்டும் கண்டிப்பாக மனப்பாடம் செய்யுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

அந்த வெள்ளத்தில் ஆர்சனல் 1925 அக்டோபரில் நியூகாசிலிடம் 7-0 என்று அடி வாங்கியது. ஹெர்பர்ட் சாப்மன் பயிற்சியாளராக வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்போது நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்த சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது டிஃபெண்டர் ஆக்கலாம் என்று மூத்த வீரர் சார்லி புக்கன் வற்புறுத்த, அதுதான் வளர்ந்து, W, M என்ற எழுத்துகளின் வடிவில் ஆட்கள் நிற்கும் டபிள்யூ-எம் ஆனது. நிறையப் பேர் இங்கே விடையை முடித்துவிடுகிறார்கள், ஃபார்மேஷன் மாறியது, கிளப் ஜெயித்தது என்று. ஆர்சனல் முதல் லீக் பட்டம் வாங்கியது 1930-31-ல்! இடைப்பட்ட ஐந்து வருஷமும் ஆள் தேடியதில் போனது. ஸ்டாப்பராக அசையாமல் நிற்க ஒரு ஹெர்பி ராபர்ட்ஸ், பின்னால் இறங்கிப் பந்தை வாங்கி விங்கருக்கு நீளமாக அனுப்ப ஒரு அலெக்ஸ் ஜேம்ஸ், ஓடிப்போய் முடிக்க ஒரு பாஸ்டின். படம் வரைய ஒரு சாயங்காலம் போதும், படத்துக்கு ஆள் சேர்க்கத்தான் வருஷங்கள்.

கிளப்பின் தலையெழுத்தை ஃபார்மேஷன் மாற்றுமா என்ற நெடுவினாவுக்கு நான் வைத்திருந்த ஜோடி இது. செல்சி 2015-16-ல் 10-வது இடம். அடுத்த சீசன் பயிற்சியாளராகக் கோன்டே வந்தார், செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தின் நடுவிலேயே பின்வரிசையை மூன்றாக்கினார், அதற்கப்புறம் லீக்கில் தொடர்ந்து 13 வெற்றி, 93 புள்ளிகளுடன் பட்டம். மான்செஸ்டர் யுனைடெட் 2024 நவம்பரில் அமோரிமைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தது, ஏறக்குறைய அதே 3-4-3, 42 புள்ளிகளுடன் 15-வது இடம். ஒரே எண், இரண்டு தலைவிதி. ஏன் என்று எழுதுகிற பத்திதான் மார்க் வாங்கும். செல்சிக்கு அந்த சீசன் ஐரோப்பிய ஆட்டங்களே இல்லை, வாரம் முழுக்கப் பயிற்சி செய்யலாம், நடுவில் ஓடித் தீர்க்க நடுக்கள வீரர் கான்டே இருந்தார், விங்கராக இருந்த மோசஸ், ஓரத்தில் தாக்கவும் தடுக்கவும் ஓடும் விங்பேக் வேலைக்குப் பொருந்திப்போனார். யுனைடெட் சீசன் நடுவில் மாறியது, யூரோப்பா லீக்கில் இறுதி ஆட்டம் வரை போனதால் வார நடுவிலும் ஆட்டங்கள், அணியோ வேறொருவரின் நான்கு டிஃபெண்டர் முறைக்காகச் சேர்த்தது. நேரமும் ஆளும் இல்லாமல் ஃபார்மேஷன் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கதெனாச்சியோ என்ற இத்தாலியத் தற்காப்பு முறைக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். பயிற்சியாளர் எரேராவின் இன்டர் மிலான் 1964, 65 ஐரோப்பியக் கோப்பைகள், 1967 இறுதியில் செல்டிக்கிடம் 2-1 தோல்வி, இது போதும். பயிற்சியாளர் சாக்கியின் ஏ.சி. மிலானில் கொஞ்சம் நில்லுங்கள். 4-4-2 என்பதைவிட, கடைசி டிஃபெண்டருக்கும் முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்கும் இடையில் சுமார் 25 மீட்டர் என்ற அவருடைய கணக்குதான் அங்கே விஷயம்.

அப்புறம், ஒரே படம் வரைந்துவிட்டுப் போகாதீர்கள். பந்து நம்மிடம் இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று, எப்போதும் இரண்டு வரையுங்கள். 2022-23 மான்செஸ்டர் சிட்டியை வரைந்து பாருங்கள், ஸ்டோன்ஸ் டிஃபெண்டராக நின்று, பந்து கிடைத்ததும் நடுக்களத்துக்கு ஏறுவார். ஒரு படத்தில் அவரை எங்கே வைப்பது என்றே தெரியாது.

இரண்டாம் தடவையும் அதே தேர்வாளர், அதே பொத்தான்கள். வெள்ளையைப் பின்னுக்கு இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பந்து யார் கால்ல இருக்கு சார்?" என்று கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்தார், சட்டைப்பையைத் துழாவினார், ஒரு சின்ன நாணயத்தை எடுத்து நடுக்களத்தில் வைத்தார்.