வேலியோரக் கள்ளிக்குப் பெயர் தேடுகிறேன்

ஏப்ரல் 6
கோவில்பட்டிப் பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்னால், வேலியோரம் இடுப்பு உயரத்துக்கு ஒரு கள்ளிப் புதர். மடலுக்கு மடல் கருஞ்சிவப்புப் பழம், நுனி லேசாகக் குழிந்திருக்கிறது. கீறிப் பார்த்தேன், பால் வரவில்லை, கொழகொழவென்று பசைதான். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி என்றால் பால் வடிந்திருக்கும், அவை வேறு குடும்பம். இதில் முள்ளெல்லாம் பஞ்சு வைத்த மாதிரி சின்னப் புள்ளிகளிலிருந்து கொத்தாகக் கிளம்புகிறது. அப்படியானால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளிதான்.

ஏப்ரல் 7
பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்ததுமே, "இது நாகதாளில்லா! ஆடு மேய்க்கப் போகையில நாங்க தின்ன பழம்மா" என்றார். நாகதாளி என்றால் சப்பாத்திக்கள்ளிதான், அதில் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் அதிலும் பல இனம் இருக்கிறதே, பூவைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 10
பூத்துவிட்டது! இதழ், மகரந்தத் தாள் எல்லாம் மஞ்சள். சப்பாத்திக்கள்ளிகளின் அறிவியல் பெயர் ஒபுன்ஷியா. அதில் எலேட்டியர் இனமாக இருந்தால் தாள்கள் சிவந்திருக்கும், முள்ளும் ஊசி மாதிரி பழுப்பாக இருக்கும். இங்கே முள் மஞ்சளாக, தட்டையாக, சற்று வளைந்து நிற்கிறது. மோனகாந்தா என்றால் வெளியிதழ்களில் சிவப்புக் கோடு வேண்டும், அதுவும் இல்லை. ஆக இது ஒபுன்ஷியா டில்லெனி.

ஏப்ரல் 13
ஆச்சி சொன்னபடி இடுக்கியால் பறித்து, தீயில் சுணை பொசுங்கும் வரை வாட்டி, தோலுரித்துத் தின்றோம். மெல்லிய இனிப்பு, விதை மட்டும் கல் மாதிரி. நாக்கு, விரல் எல்லாம் ஒரே சிவப்பு.

ஏப்ரல் 19
மடல்களில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருக்கிறது. குச்சியால் நசுக்கினால் ரத்தச் சிவப்பு, சாயப்பூச்சி! இதன் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1795இல் சாயத்துக்காக என்று பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்பார்த்த உயர்ரகச் சாயப்பூச்சி அது இல்லை, மோனகாந்தாவைத் தின்று தீர்த்தது, டில்லெனியை விட்டுவிட்டது. டில்லெனி தென்மாவட்டக் காடுகரையெல்லாம் பரவி நிலத்தை அடைத்துக்கொண்டதால், 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வரவழைக்கப்பட்டது, அதுதான் இதை அடக்கியது. நம் செடியில் அப்பியிருப்பது அந்த வம்சமாகத்தான் இருக்கும், டில்லெனி என்பதற்கு அது இன்னொரு சாட்சி. பூச்சி பிடித்த மடல்களை மட்டும் வெட்டி எரித்தேன். மற்றது அங்கேயே நிற்கட்டும், ஆனால் வெட்டிய துண்டு மண்ணில் கிடந்தாலே வேர் பிடிக்கும் என்பதால் வேலியைத் தாண்ட விடப்போவதில்லை.