ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றும் முன்

பழைய ஜீப்பில் ஸ்டீயரிங் லூஸ் என்றாலே ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் சுற்றுவதைச் சக்கரம் திருப்பும் அசைவாக மாற்றும் பெட்டி) போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இன்ஜினை அணைத்து, வண்டி தரையில் நிற்கும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டட்டும், இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் கை வைத்துப் பார்க்கட்டும். பாக்ஸிலிருந்து வரும் ஆர்ம் அசைந்தும் டிராக் லிங்க் (அந்த ஆர்மிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பி) உடனே அசையவில்லை என்றால் நடுவிலுள்ள பால் ஜாயின்ட், அதாவது உருண்டை மூட்டு, தேய்ந்திருக்கிறது. சேஸிஸ் மேல் பாக்ஸே அசைகிறதா? போல்ட் தளர்ந்திருக்கும். அப்புறம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வைத்து, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் தேய்ந்தது வீல் பேரிங் அல்லது கிங் பின் (சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு). எல்லாம் சரி என்றால் மட்டும் பாக்ஸின் உள்ளே இருக்கும் லூஸைக் குறைக்கும் ஸ்க்ரூவைத் தொடுங்கள். அதையும் அளவுக்கு மேல் இறுக்கினால் திருப்பத்தில் ஒடித்த ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, மலைப்பாதையில் அது ரொம்ப ஆபத்து.