ஹோமாலஜி கைவிரித்த இடத்தில்

ஒரு பரப்பைத் தன்மேலேயே இழுத்து மடக்கும் இயக்கத்தை, மூடிய வளைகோடுகளைத் திசையோடு கூட்டிக் கழித்து எண்ணும் ஹோமாலஜியால் எவ்வளவு பிடிக்க முடியும்? டோரஸில், அதாவது ஒரே துளை கொண்ட டோனட் பரப்பில், கவலையே இல்லை. முதல் வரிசையில் 2, 1, இரண்டாவதில் 1, 1 என்ற அணியை எடுத்து, ஒரு மூடிய வளைகோட்டின் மேல் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால், போகப்போக ஒவ்வொரு முறையும் நீளம் கிட்டத்தட்ட 2.618 மடங்காகும். இது அந்த அணியின் பெரிய ஐகன் மதிப்பு (திசை மாறாமல் நீட்டும் மடங்கு), (3+√5)/2. அந்த அணிதான் ஹோமாலஜி மீதான செயல் என்பதால், ஹோமாலஜியைப் பார்த்தாலே இயக்கம் முழுதும் தெரிந்துவிடும்.

ஜீனஸ், அதாவது துளைகளின் எண்ணிக்கை, 2-க்கும் அதற்கு மேலும் போனதும் கதை மாறுகிறது. இப்படிப்பட்ட இயக்கங்களுக்குக் கணிதர் தர்ஸ்டன் தந்த வகைப்பாட்டில் சூடோ-அனோசோவ் என்று ஒரு வகை உண்டு. அதில், ஒரு புள்ளியாகச் சுருக்க முடியாத எந்த மூடிய வளைகோடும் 1-ஐவிடப் பெரிய λ என்ற ஓர் எண்ணின் அடுக்குகளாக நீளும்; இயக்கம் எவ்வளவு கலக்குகிறது என்பதை அளக்கும் என்ட்ரோபி log λ. ஹோமாலஜியின் பெரிய ஐகன் மதிப்பு λ-வைத் தாண்டாது, ஆனால் நீட்சித் திசைக்குப் பரப்பு முழுக்க முரண்படாமல் அம்புக்குறி போட முடிந்தால் மட்டுமே இரண்டும் சமம்.

எவ்வளவு குறையலாம்? ஒன்று வரைக்கும்! பரப்பை இரண்டாகப் பிரிக்கும் வளைகோடு ஹோமாலஜியில் பூச்சியம், ஆகவே அதைச் சுற்றிய டேன் முறுக்கு (அந்தக் கோட்டில் வெட்டி, ஒரு கரையை முழுச் சுற்று திருப்பி மறுபடி ஒட்டுவது) ஹோமாலஜியில் எதையும் அசைக்காது. அப்படிப் பிரிக்கும் A, B என்ற இரண்டு வளைகோடுகளை, வெட்டினால் வெறும் வட்டுத் துண்டுகளே மிஞ்சும்படி எடுத்து, A-யில் ஒரு பக்கமும் B-யில் எதிர்ப்பக்கமும் முறுக்குங்கள். தர்ஸ்டனின் முறைப்படி இது சூடோ-அனோசோவ்; n இடங்களில் வெட்டிக்கொண்டால் λ + 1/λ = n² + 2. அதாவது n 10 என்றால் λ கிட்டத்தட்ட 102. ஒவ்வொரு சுற்றிலும் நூறு மடங்குக்கு மேல் நீட்சி, ஹோமாலஜியிலோ அலகு அணி! போன தடத்திலேயே எதிர்த்திசையில் திரும்பி வருவதால் கூட்டல் கழித்தல் எல்லாம் அடிபட்டுப் போகிறது.

சரி, அப்போது ஹோமாலஜி உபயோகமில்லாத கருவி என்று மூட்டை கட்டலாமா? எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இங்கேதான் வருகிறது. பொதுவாக ஜீனஸ் g கூடக்கூட, சூடோ-அனோசோவ்களின் மிகக் குறைந்த என்ட்ரோபி 1/g அளவில் பூச்சியத்தை நோக்கி இறங்கும் என்று 1991-இல் பென்னர் காட்டினார். ஆனால் ஹோமாலஜியை அசைக்காதவற்றுக்கு, அதாவது டொரெல்லி குழுவில் இருப்பவற்றுக்கு, அந்தச் சலுகை கிடையாது: g என்னவாக இருந்தாலும் என்ட்ரோபி 0.197-க்கு மேல்தான் என்று 2008-இல் ஃபார்ப், லைனிங்கர், மார்கலிட் மூவரும் நிறுவினார்கள். ஹோமாலஜியில் அரவமே இல்லாமல் இருக்க வேண்டுமானால் உள்ளே பலமாகத்தான் கிளற வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஏகோல், லைனிங்கர், மார்கலிட் இரண்டு முனைகளையும் ஒரே கோட்டில் கோத்துவிட்டார்கள். ஹோமாலஜியில் k பரிமாணம் அசையாமல் நின்றால், குறைந்தபட்ச என்ட்ரோபி (k+1)/g அளவில் இருக்கும். k பூச்சியம் என்றால் பென்னர், 2g என்றால் டொரெல்லி, நடுவில் இருப்பதெல்லாம் இலவசம்.