1,400 வீட்டுக்கு 512 முகவரி

சொந்தமாக ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண், வேண்டும் என்று எங்களுக்குப் புரியவைத்தவர் ஒரு தறிக்குடோன்காரர். கேபிள் டிவியிலிருந்து பைபருக்கு மாறி, சின்ன பகுதிக்கு இணையச் சேவை கொடுக்கிற சி பிரிவு ஐஎஸ்பி உரிமம் எடுத்து, காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் 1,400 இணைப்பு வரை வந்துவிட்டோம். ஆனால் கையில் இருந்தது மேலே பேண்ட்வித் விற்கிற கம்பெனி கொடுத்த 32 முகவரிதான், நாற்பத்து சொச்சம் வீட்டுக்கு ஒன்று. குடோன்காரரிடம் இருந்ததோ பழைய டிவிஆர், கேமரா படத்தைப் பதிவு செய்கிற பெட்டி, தனி முகவரி இல்லாமல் வெளியிலிருந்து திறக்காது. "ஏங்கண்ணு, பக்கத்துக் குடோன்காரன் ஊட்ல உக்காந்து செல்லுல பாக்கறான், எனக்கு மட்டும் வரமாட்டீங்குதே" என்று வாரம் ஒருமுறை கூப்பிடுவார்.

கம்பெனியிடம் கூடுதலாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் வருட வாடகை. கம்பெனியை மாற்றினால் முகவரிகளை விட்டுவிட்டு வரவேண்டும். சரி, நாமே வாங்குவோம் என்று ஐஆர்ஐஎன்என்-இல் விண்ணப்பித்தோம், இந்தியாவுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கிற பதிவகம் அது. உரிம நகல், ஜிஎஸ்டி எல்லாம் லேசாக முடிந்தது. நெட்வொர்க் வரைபடத்தில்தான் மாட்டினேன். பேப்பரில் கையால் வரைந்து ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தேன், எந்த ஊரில் எத்தனை இணைப்பு, ஒரு வருடத்தில் எத்தனை கூடும் என்று எதுவும் அதில் இல்லை. கேள்வி வந்த பிறகு கம்பம் கம்பமாகக் கணக்கெடுத்துத் திரும்ப வரைந்தேன்.

கிடைத்தது 512. எவ்வளவு நியாயம் சொன்னாலும் புதிதாக வருகிறவருக்கு அதற்கு மேல் கிடையாது. இந்தப் பழைய வகை (ஐபிவி4) முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்தது, ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகமான ஏப்நிக் 103-இல் தொடங்கும் கடைசித் தொகுதியை ஆளுக்கு 1,024 என்று ரேஷன் போட்டது, 2019-இல் அதையும் பாதியாக்கியது. ரேஷனைக் குறை சொல்லமாட்டேன், அது இல்லாவிட்டால் எங்களுக்கு அந்த 512-உம் இருந்திருக்காது. ஆனால் முதல் மதகுக்காரர்கள் அதற்கு முன்பே வயலை நிரப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் எம்ஐடி என்ற ஒரே பல்கலைக்கழகம் சுமார் 1.68 கோடி முகவரி வைத்திருந்து, 2017-இல் அதில் ஒரு பகுதியை விற்கவும் செய்தது. கீழ்பவானியில் கடைமடைக்காரனுக்காவது முறை என்று ஒன்று உண்டு, இங்கே அதுவும் இல்லை. ஏப்நிக் கட்டண சூத்திரம் இன்னொரு வேடிக்கை: முகவரி இரண்டு மடங்கானால் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஏறும், ஆகவே ஒரு முகவரிக்கு என்று வகுத்துப் பார்த்தால் அதிகம் கட்டுகிறவன் சின்னவன்தான். புது வகை முகவரியான ஐபிவி6 தாராளமாகத் தருகிறார்கள், அந்த டிவிஆருக்கு அது தெரியாதே.

அப்புறம் நானே ஒரு தப்பு செய்தேன். 512-ஐ இரண்டு 256 ஆகப் பிரித்து இவை எங்களுடையவை என்று இரண்டு கம்பெனி வழியாக இணையத்துக்கு அறிவித்தோம். ஆனால் எந்தத் தொகுதியை யார் அறிவிக்கலாம் என்று சொல்கிற ஆர்ஓஏ பதிவில் அதிகபட்ச நீளம் 23, அதாவது 512-ஆக மொத்தமாக மட்டும், என்றே விட்டுவிட்டேன். செல்லாது என்று பல நெட்வொர்க்குகள் தள்ளிவிட, சில தளங்கள் திறந்தன, சில திறக்கவில்லை. ரவுட்டரைத் தப்பு சொல்லியே இரண்டு நாள் ஓடியது. அதை 24 ஆக, அதாவது 256 வரை பிரிக்கலாம் என்று, மாற்றியதும் சரியானது.

மறுநாள் காலை குடோன்காரர் கூப்பிட்டார், படம் தெரிகிறதாம். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் யாரிடமோ கத்தினார்: "டேய், நாலாவது தறி எதுக்குடா நிக்குது?"