பால்மரத்து நிறத்தில் ஒரு படை

மூன்று வாரமாக 16 ட்ரையட் உருவங்கள் நிறமில்லாமல் மேசையில் நின்றன. சின்ன உருவங்களுக்கு வண்ணம் தீட்டி மேசையில் ஆடும் 'ஏஜ் ஆஃப் சிக்மார்' போர் விளையாட்டில் சில்வனெத் என்று ஒரு மர ஆவிப் படை உண்டு. இவை அதன் காலாட்கள். பெட்டிப் படத்தில் இருப்பது போலவே தீட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரங்களுக்கு, அதாவது ரப்பர் மரங்களுக்கு, நடுவே வளர்ந்துவிட்டு, என் மரப்படைக்கு ஏதோ குளிர்நாட்டுக் காட்டின் நிறத்தைப் பூச மனம் வரவில்லை.

மூன்றை மட்டும் சோதனைக்கு எடுத்தேன். முதலாவதற்குப் பழுப்பு உடல், பச்சை இலை. கையில் வைத்துப் பார்க்க நன்றாகவே இருந்தது. மூன்றடி தள்ளி நின்றால் ஒரே இருட்டுக் கட்டி. கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்ததும் காரணம் தெரிந்தது: நான் எடுத்த பழுப்பும் பச்சையும் ஒரே அளவு கருமை. நிறம் வேறாக இருந்து என்ன, வெளிச்சத்தில் வேறுபாடு இல்லாவிட்டால் தூரத்தில் கண்ணுக்குப் பிரியாது. இப்போதெல்லாம் இப்படிப் படம் எடுத்துப் பார்க்காமல் எந்த நிறத்தையும் முடிவு செய்வதில்லை.

இரண்டாவதற்கு ஊதா உடல், மஞ்சள் இலை. பளிச்சென்று பிரிந்தது, ஆனால் மரமாகத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலகங்சார் போய், 1877-ல் நட்ட ரப்பர் கன்றுகளில் மிஞ்சி நிற்கும் அந்தக் கிழ மரத்தைப் பார்த்தேன். பட்டை என்றால் பழுப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். கிட்டப் போய்ப் பார்த்தால் சாம்பல். பாசி படிந்த இடங்களில் நீலப்பச்சை. எனக்கு வேண்டிய உடல் நிறம் அங்கேயே கிடைத்துவிட்டது. இலைக்கு யோசிக்கவே இல்லை. வருட ஆரம்பத்து வெயிலில் இலை உதிரும் முன் தோட்டம் முழுக்கச் சிவந்து நிற்குமே, அந்தச் செம்மஞ்சள்.

நடுத்தரச் சாம்பலில் துளி நீலப்பச்சை கலந்து உடலுக்குப் பூசினேன். பள்ளங்களுக்கு வழக்கமான பழுப்பு வாஷ் (பள்ளத்தில் தேங்கும் நீர்த்த வண்ணம்) விட்டால் சாம்பலின் குளிர்ச்சி போய்விடும். அதனால் கருநீலச் சாம்பலை நிறையத் தண்ணீர் விட்டு ஓடவிட்டேன். பக்கத்தில் குளிர்ந்த நிறம் இருப்பதால்தான் இலை நெருப்பாக எரிகிறது. கறுப்பு வெள்ளைப் படத்திலும் இலை வெளுத்து, உடல் கறுத்து, அழகாகப் பிரிந்தது.

நெஞ்சின் குறுக்கே பால் வெட்டிய கோடும் ஒன்று தீட்டினேன். அப்பா முப்பது வருடம் பால் வெட்டியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உருவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"வெட்டு தப்பா இருக்குய்யா. இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ இறங்கணும். அப்பதான் பால் நிறைய வரும்."

பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறாமல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அவற்றில் அதிகமானவற்றை அறுக்கும். அன்றிரவே அழித்துத் திருப்பி வரைந்தேன். பாலுக்கு முதலில் வைத்த சுத்த வெள்ளை முகத்தைவிட முந்திக்கொண்டு கண்ணை இழுத்தது. தந்த நிறத்துக்கு இறக்கி, வெள்ளையைக் கண்களுக்கு மட்டும் வைத்தேன்.

நடுவில் ஒரு இழப்பு. மழை விட்ட சாயங்காலம் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்ததில் நான்கு உருவங்களின் மேல் மணல் தூவியது போலாகிவிட்டது. காற்றில் அவ்வளவு ஈரம். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மீட்டேன். இப்போது காலை பதினொரு மணி வெயிலில்தான் அடிக்கிறேன்.

இதுவரை ஒன்பது முடிந்திருக்கிறது. இனி 32 மில்லிமீட்டர் அடித்தட்டுகள்: செம்மண், உதிர்ந்த இலை, ஒவ்வொன்றிலும் கிரீன் ஸ்டஃப் புட்டியில் கடுகளவு ஒரு மங்கு, வெட்டிய பால் வடியும் கிண்ணம். மங்குக்கு உள்ளே எவ்வளவு பால் நிற்க வேண்டும் என்று அப்பா சொல்வார்.