பூட்டிய வீடு

பூ.வீ. அப்படின்னா பூட்டிய வீடு. 2016-ல கடலூர்ல வீடு வீடா போய் கணக்கெடுக்குற வேலைல இருந்தப்ப எங்க ஃபார்ம்ல இருந்த சுருக்கம் இது. கதவு பூட்டியிருந்தா அந்த ரெண்டு எழுத்த போட்டுட்டு அடுத்த வீட்டுக்கு போயிடலாம். மூணு தடவ போய் பாக்கணும்னு ட்ரெய்னிங்ல சொல்லித்தான் இருந்தாங்க, ஆனா மூணு தடவையும் காலைல 11 மணிக்கே போய் நின்னா மூணு தடவையும் பூட்டுத்தான் இருக்கும்ங்கறது அப்ப எனக்கு தோணவே இல்ல. சிவில் டிப்ளமோ முடிச்சிட்டு சும்மா இருந்தவன், ஒரு கன்சல்டன்சில காண்ட்ராக்ட் வேலை, ஃபார்ம் கணக்குல காசு, பூ.வீ. போட்டாலும் அதுவும் ஒரு ஃபார்ம்தான்.

அனைவருக்கும் வீடு திட்டம் 2015 ஜூன்ல மத்திய அரசு அறிவிச்சது, அதுக்கு எந்த ஊர்ல எத்தன பேருக்கு வீடு வேணும்னு முதல்ல ஒரு கணக்கு வேணும்ல, அந்த வேலைதான் எங்களுது. 2015 நவம்பர் டிசம்பர் வெள்ளம் வடிஞ்சு கொஞ்ச மாசம்தான் ஆயிருந்துச்சு, சுவத்துல தண்ணி நின்ன கோடு இன்னும் தெரியும், சில வீட்டுல இடுப்பு வரைக்கும், சில வீட்டுல ஜன்னல் வரைக்கும். எனக்கு குடுத்த இடம் முதுநகர் பக்கம், உப்பனாறுக்கு போற ஒரு பழைய வாய்க்கால ஒட்டினாப்ல. பேர் வேண்டாம், எல்லா ஊர்லயும் இருக்குற மாதிரி ஒரு தலைவர் பேர்ல ஆரம்பிச்சு நகர்னு முடியும். நாங்க ஃபார்ம்ல குடிசைப் பகுதின்னு எழுதுவோம், அங்க இருக்குற ஒருத்தர் கூட அப்படி சொல்லி நான் கேட்டதில்ல, "எங்க நகர்"னுதான் சொல்வாங்க.

முதல் பிரச்சனையே இது குடிசைப் பகுதியா இல்லையாங்கறதுதான். 2011 சென்சஸ் கணக்குல, அரசு அறிவிக்காத இடமா இருந்தா குறைஞ்சது 300 பேரு, இல்ல 60-70 குடும்பம் நெருக்கியடிச்சு வசதி இல்லாம இருக்கணும். தேசிய மாதிரி ஆய்வுக்காரங்களுக்கு 20 குடும்பம் இருந்தா போதும். நான் கதவ எண்ணினா 58 வந்துச்சு. எங்க சூப்பர்வைசர் சார் பேப்பர பாத்துட்டு "கதவ எண்ணாத தம்பி, அடுப்ப எண்ணு"ன்னாரு. திரும்ப போய் எண்ணினேன், 71 அடுப்பு. ஒரே கதவுக்குள்ள அம்மா ஒரு பக்கம், கல்யாணம் ஆன பையன் ஒரு பக்கம், நடுவுல ஒரு பழைய புடவ திரை. கதவா எண்ணினா அந்த இடமே கணக்குல வந்திருக்காது. அந்த மனுஷன் மேல எனக்கு நிறைய வருத்தம் உண்டு, ஆனா இந்த ஒரு பாடத்துக்கு இன்னைக்கும் மரியாதை.

அடுத்தது நிலம். நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி புறம்போக்குன்னா ஒண்ணுதான்னு நினைச்சிருந்தேன். அது பெரிய குடும்பம். நத்தம்னா ஊர்க்காரங்க குடியிருக்கறதுக்குன்னு விட்ட நிலம், அப்புறம் மந்தைவெளி, மேய்ச்சல், வண்டிப்பாதை, வாய்க்கால், ஏரின்னு போயிட்டே இருக்கும். இதுல ஆட்சேபணை இல்லாத புறம்போக்குன்னா வரன்முறை பண்ணி பட்டா குடுக்க வழி இருக்கு, ஆட்சேபணைக்குரியதுன்னா, அதுலயும் நீர்நிலைன்னா, கோர்ட்டு உத்தரவெல்லாம் சேந்து கதவ சாத்திடும். ஏரி ஆக்கிரமிப்ப எடுக்கறதுக்குன்னே 2007-ல தனி சட்டம் இருக்கு. எங்க இடத்துல சர்வேயர் அண்ணன் வரைபடத்த விரிச்சு கோடு போட்டுக் காட்டுனாரு பாருங்க, முன் வரிசை 23 வீடு நத்தம், பின்னாடி இருக்குற எல்லாம் வாய்க்கால் புறம்போக்கு. ஒரு வீட்டுல அந்த கோடு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவுல போச்சு. அந்த வீட்டு அக்கா சிரிச்சுக்கிட்டே "அப்ப சோறு ஆக்குறது தப்பு, திங்கறது சரியா சார்?"னு கேட்டுச்சு, சர்வேயர் அண்ணனும் சிரிச்சுட்டாரு, நானும்.

வாய்க்கால் எங்கன்னு கேட்டீங்கன்னா மேப்புல இருக்கு. நேர்ல பாத்தா ரெண்டடி சாக்கடை. மேல இருந்து கீழ வரைக்கும் ஆளுக்கொரு பக்கம் மண்ணு கொட்டி அடைச்சிருக்கு, கொட்டினதுல கல்யாண மண்டபமும் உண்டு, குடிசைக்காரங்க மட்டும் இல்ல. ஆனா 2015-ல தண்ணி வந்தது சரியா மேப்புல இருக்குற அகலத்துக்குத்தான். அதனால எல்லாரையும் இருக்குற இடத்துலயே விட்டுடணும்னு கண்ண மூடிக்கிட்டு சொல்றவங்களோட என்னால சேர முடியல, ஜன்னல் உயரத்து கோட்ட நான் பாத்திருக்கேன். தூக்கி ஊருக்கு வெளிய போடணும்னு சொல்றவங்களோடயும் சேர முடியல, அதுக்கு காரணம் பின்னால வருது.

பி மெமோ பத்தி சொல்லணும். அரசு நிலத்துல ஆக்கிரமிச்சு இருக்கன்னு வி.ஏ.ஓ. எழுதி, தண்டனையா ஒரு சின்ன தொகை கட்டச் சொல்ற காகிதம் அது, 1905-ம் வருஷ ஆக்கிரமிப்பு சட்டத்துல இருந்து வர்ற விஷயம். நியாயமா பாத்தா ஒருத்தர் தப்பு பண்ணியிருக்காருன்னு சொல்ற பேப்பர். ஆனா அந்த நகர்ல பி மெமோ ரசீத எப்படி வெச்சிருந்தாங்கன்னா, பாலிதீன் கவர்ல சுத்தி, அத மஞ்சப் பைல போட்டு, அந்த பைய தகர டப்பால போட்டு மேல பரண்ல. வெள்ளம் வந்தப்ப முதல்ல தூக்கிட்டு ஓடுனது அந்த டப்பாவத்தான்னு ஒரு பெரியவர் சொன்னாரு. குத்தவாளின்னு எழுதின சீட்டுதான் இத்தன வருஷமா இங்க இருந்தோம்ங்கறதுக்கு அவங்க கிட்ட இருக்குற ஒரே அத்தாட்சி. அவரே, "இந்த வருசம் மெமோ குடுக்கல தம்பி, ஆபீஸ்ல சொல்லி குடுக்க வெய்யி"ன்னு எங்கிட்ட கேட்டாரு. ஃபைன் போடச் சொல்லி கேக்குற மனுஷன நான் அங்கதான் பாத்தேன்.

முன் வரிசை 23 பேருக்கு வீடு கட்டிக்க மானியம்னு வந்துச்சு, மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு 60,000, ஆக 2.10 லட்சம், பயனாளியே கட்டிக்கணும். கேக்க நல்லா இருக்கும். காசு நாலு கட்டமா வரும், பேஸ்மென்ட், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல போடுற கான்கிரீட் பட்டை), ரூஃப், அப்புறம் முடிச்சதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் வீட்டு முன்னாடி ஆள நிக்க வெச்சு போட்டோ எடுத்து இடத்தோட குறிச்சு ஏத்தணும். ஆனா பேஸ்மென்ட் போட்டாத்தான் முதல் காசு, அப்ப பேஸ்மென்ட்டுக்கு காசு யார் குடுக்கறது? மகளிர் குழு லோன், சீட்டு, கம்மல், கடைசியா வட்டிக்காரன். இருக்குற குடிசைய பிரிச்சாத்தான் அதே இடத்துல கட்ட முடியும், பிரிச்சிட்டு எதிர்க்க ரோட்டோரமா தார்பாய கட்டிக்கிட்டு உக்காருவாங்க, மணலு கிடைக்கல, கொத்தனாருக்கு வேற இடத்துல வேலை, அதுக்குள்ள ஐப்பசி வந்துடும். கடலூர்ல ஐப்பசில தார்பாய்க்கு கீழ இருக்கறதுன்னா என்னன்னு இந்த ஊர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. 2011 டிசம்பர் 30 தானே புயல பாத்தவங்க நாம. ஒரு பொண்ணு கைக்குழந்தையோட ரெண்டு மழைக்காலம் அப்படி இருந்துச்சு, ரூஃப் கட்டத்துல நின்னு போச்சு.

இன்னொண்ணு, இத எந்த திட்ட அறிக்கையிலயும் நான் படிச்சதில்ல. தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டாங்க, எல்லாருக்கும் சந்தோஷம், கவுன்சிலர் வந்து தேங்கா உடைச்சாரு. பழைய ரோடு மேலயே போட்டதுல முக்கா அடி ஏறிடுச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ போட்டதும் அப்படித்தான். வாசப்படி ரோட்டுக்கு கீழ போயிடுச்சு, அடுத்த மழைக்கு ரோட்டுத் தண்ணி நேரா கூடத்துக்கு. குடிசைய மேம்படுத்தறோம்னு சொல்லிட்டு ஒவ்வொரு ரோடா போட்டு குடிசைய பள்ளத்துல இறக்குறோம். அங்க இருந்த ஒரு பழைய கொத்தனார், பேரு எழுதல, "ரோட்ட வெட்டி எடுத்துட்டு போடுங்க, இல்லன்னா ரோடே போடாதீங்க, முதல்ல கால்வாய கட்டுங்க"ன்னு கூட்டத்துல எழுந்து கத்துனாரு. அவர உக்காரச் சொன்னதுல நானும் ஒருத்தன்.

ஆனா கால்வா வந்தப்புறம் நடந்தத பாத்தேன். மூடி போட்ட கால்வா, வீட்டுக்கு வீடு தண்ணி பைப், கம்பத்துல விளக்கு, இவ்வளவுதான். பட்டா வரல, மானியம் வரல. வாய்க்கால் பக்கம் கோட்டுக்கு அந்தாண்ட இருந்த வீடுங்க இல்ல, நடுவுல இழுபறில இருந்த ஒரு ஏழெட்டு வீடு. அவங்க தானாவே செங்கல் வாங்க ஆரம்பிச்சாங்க, இந்த மாசம் 200 கல்லு, அடுத்த மாசம் ரெண்டு மூட்ட சிமெண்ட். பைப்பு போட்டு கால்வா கட்டிட்டாங்க, இனிமே நம்மள தூக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை, அது சட்டப்படி சரியான நம்பிக்கையான்னு கேட்டா இல்ல, ஆனா வீடு எழும்பினது அதுலதான். இந்தோனேஷியால ஜகார்த்தாவுல 1969-ல இருந்தே கம்போங்னு சொல்ற குடியிருப்புகள இடிக்காம நடைபாதை, வடிகால், தண்ணி மட்டும் குடுத்து பண்ணியிருக்காங்கன்னு பின்னாடி ஒரு ட்ரெய்னிங்ல ஸ்லைடு காட்டுனாங்க. ஜகார்த்தா எதுக்கு, நம்ம சென்னையிலயே 1970கள் கடைசில உலக வங்கி கடன்ல இதே மாதிரி இருக்குற இடத்துலயே மேம்பாடு நடந்திருக்கு.

நம்ம ஆளுங்க ஒண்ணும் பின்னாடி இல்ல. குடிசை மாற்று வாரியம் 1970-லயே வந்தது, 1971-ல சட்டம் வந்துச்சு, அந்த வருஷமே சென்னைல 1,202 இடத்த குடிசைப் பகுதின்னு அறிவிச்சாங்க, அப்புறம் 1985-ல ஒரு 17, அதோட சரி. அறிவிச்சா சட்டப் பாதுகாப்பு வந்துடும், அதுதான் அப்புறம் யாரும் அறிவிக்கலன்னு நான் நினைக்கிறேன். ஒடிசாவுல 2017-ல குடிசைவாசிகளுக்கு நில உரிமைன்னு தனியா சட்டமே போட்டாங்க. இங்க 2021-ல வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர மாத்தினாங்க, அதே வருஷம் நம்ம கடலூர் மாநகராட்சியும் ஆச்சு. பேர் நல்லாத்தான் இருக்கு.

பின் வரிசைக்காரங்கள வெளிய கட்டுற அடுக்குமாடிக்கு கூட்டிட்டு போலாம்னு ஒரு பேச்சு வந்து கூட்டம் போட்டோம். நான்தான் படம் காட்டுனேன், தனி பாத்ரூம், டைல்ஸ், எல்லாம். ஒரு அம்மா எழுந்து கணக்கு கேட்டாங்க: "துறைமுகத்துல விடிகால 3 மணிக்கு ஏலம். அந்நேரத்துக்கு அங்கருந்து பஸ்ஸு இருக்கா? மீன் கூடைய கண்டக்டர் ஏத்துவாரா? ஆட்டோவுக்கு குடுத்தா எனக்கு என்னா நிக்கும்?" என் ஸ்லைடுல இதுக்கு பதில் இல்ல. சுனாமிக்கு அப்புறம், கடல்ல இருந்து 200 மீட்டருக்குள்ள இருக்குறவங்க உள்ள தள்ளி வந்தா புது வீடு, வரலன்னா பழைய வீட்ட சரி பண்ண அரசு காசு கிடையாதுன்னு 2005 மார்ச்ல ஒரு ஆணை வந்துச்சு, அப்பவும் வலை வெச்சிருக்கவங்க கேட்டது இதே கேள்விதான்.

3 மணி ஏலம்னு அந்த அம்மா சொன்ன அன்னைக்கு ராத்திரிதான் எனக்கு பூ.வீ. ஞாபகம் வந்துச்சு. எடுத்துப் பாத்தேன், 71-ல 9 பூ.வீ. நான் போனது எல்லாம் 11 மணில இருந்து 1 மணிக்குள்ள. விடிகாலை மீன் எடுத்து தெருத்தெருவா வித்துட்டு சாயங்காலம் திரும்புற பொம்பளைங்க வீடு அத்தனையும் பூட்டிக் கிடந்த வீடு. பூட்டிய வீடுன்னா ஆள் குடியில்லன்னு மேல எடுத்துக்கிட்டாங்க, லிஸ்ட்ல பேர் இல்ல. அதுல ரெண்டு வீடு முன் வரிசை, நத்தம், மானியம் கிடைச்சிருக்க வேண்டிய வீடு.

அதுல ஒரு ஆயா லிஸ்ட்ட ஒட்டின அன்னைக்கே என்ன தேடி வந்தாங்க. திட்டல. "வூட்ட தொறந்து போட்டுட்டா தம்பி யாவாரத்துக்கு போவாங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. பேர சேக்கச் சொல்லி எழுதிக் குடுத்தேன், விடுபட்டவங்க லிஸ்ட்டுன்னு ஒண்ணு தனியா போச்சு, அடுத்த கட்டத்துல பாக்கலாம்னு சொன்னாங்க, அடுத்த கட்டம் வர்றதுக்குள்ள என் காண்ட்ராக்ட் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் எந்த சர்வேக்கு போனாலும் நான் சாயங்காலம் 6 மணிக்கு மேலதான் போவேன், பூ.வீ. போட வேண்டி வந்தா பக்கத்துலயே எத்தன மணிக்கு போனேன்னும் எழுதிடுவேன். ஃபார்ம்ல அதுக்கு கட்டம் கிடையாது, ஓரத்துல எழுதுவேன், டேட்டா என்ட்ரி பசங்க அத ஏத்தறது இல்ல.

போன வருஷம் தங்கச்சி வளைகாப்புக்கு மீன் வாங்க துறைமுகம் போயிருந்தேன். அந்த ஆயா ஒரு கூடை சங்கராவோட உக்காந்திருந்தாங்க, என்ன பாத்ததும் அடையாளம் தெரிஞ்சிடுச்சு. "லிஸ்ட்டு தம்பிதான?"ன்னாங்க. வீடு என்ன ஆச்சு ஆயான்னு கேட்டேன். சீட்டு எடுத்து ஆஸ்பெட்டாஸ் போட்டுட்டாங்களாம், சுவரு பாதி வரைக்கும் செங்கல்லாம், மீதி அப்புறம். கிலோ என்ன விலைன்னு கேட்டு ஒரு 50 ரூபா குறைச்சு கேட்டேன். "பேரையும் வுட்டுட்டு வெலையும் கொறைக்கணுமா ஒனக்கு"ன்னாங்க. சொன்ன விலைக்கே 3 கிலோ வாங்கிட்டு வந்தேன்.