பின்னந்தலையின் இருப்புக் கணக்கு

தங்கை மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் என்ற முறையில் அவனை மடியில் வைத்திருந்தேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய அவன் தலையும், அதற்குச் சற்று மேலே என் தலையும், பின்னாலிருந்து எடுத்த ஒரு புகைப்படத்தில் ஒன்றாகப் பதிந்திருந்தன. மூன்று மாதத்தில் அவனுக்கு முடி அடர்ந்து வளர்ந்துவிட்டது. எனக்கு அப்போது வயது 50. காதுகளுக்கு மேலும் பின்னந்தலையிலும் லாடம் போல் ஒரு வளையம் தவிர எதுவும் மிஞ்சவில்லை என்பதை அந்தப் படத்தில்தான் முழுமையாகப் பார்த்தேன். அது என்னை மிகவும் வருத்தியது. தலைமுடிக்காக இந்த வயதில் வருந்துவதா என்று கேட்பவர்கள் உண்டு; அந்த வருத்தம் உண்மையானது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கரிசலாங்கண்ணித் தைலம், வெங்காயச் சாறு, பயோட்டின் மாத்திரை என்று அதற்கு முன் பத்தாண்டுகள் கழிந்திருந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எதுவும் பயன் தரவில்லை. அந்தப் புகைப்படத்துக்குப் பிறகு, விளம்பரம் பார்த்து ஒரு தனியார் முடி சிகிச்சை நிலையத்துக்குச் சென்றேன். அங்கே மருத்துவரைப் பார்க்கும் முன்பே ஆலோசகர் ஒருவர் எதிரே அமர்ந்து, ஒரே நாளில் 6,000 கிராஃப்ட், அதாவது பின்னந்தலையிலிருந்து வேரோடு எடுத்த முடிக்கொத்துகள், வைத்துத் தலை முழுவதையும் நிரப்பிவிடலாம் என்றும், அந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகை உண்டு என்றும் சொன்னார். பத்தாயிரம் ரூபாய் கட்டினேன். என் தலையை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது. பணம் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் சென்றேன். அவர் பேச்சைத் தொடங்கும் முன், பேனா அளவிலான ஒரு கேமராவை என் பின்னந்தலையில் நான்கைந்து இடங்களில் அழுத்தி வைத்தார். கணினித் திரையில் தோல் பெரிதாகி, ஒரே துளையிலிருந்து இரண்டும் மூன்றுமாக முளைத்த முடிக்கொத்துகள் நாற்றங்கால் போலத் தெரிந்தன. அவற்றை எண்ணிக்கொண்டே அவர் விளக்கினார். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடலில் உருவாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன், பரம்பரையாக அதற்கு இணங்கிப்போகும் வேர்களைச் சுருக்கிக்கொண்டே வரும். நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்கள் அதற்கு ஆட்படும், பின்னந்தலை வேர்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். பின்னாலிருந்து எடுத்து முன்னால் நட்டாலும் அந்த வேர் தன் இயல்பை விடாது என்பதை நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-இல் எழுதினார். முடி நடும் சிகிச்சை முழுவதும் அந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஹாமில்டன் என்ற ஆய்வாளர் 1951-இல் வகுத்து, நார்வுட் என்ற மருத்துவர் 1975-இல் திருத்திய வழுக்கையின் ஏழு நிலைகளில் நான் ஆறாம் நிலை. என் வழுக்கைப் பரப்பு ஏறக்குறைய 180 சதுர சென்டிமீட்டர். இயற்கையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 80 கொத்துகள் என்று வைத்தால், முழு அடர்த்திக்கு 14,400 கொத்துகள் வேண்டும். பாதி அடர்த்தி இருந்தாலே பார்வைக்குப் போதும் என்றாலும், அதற்கும் 7,200 வேண்டும். என் பின்னந்தலையிலிருந்து வாழ்நாள் முழுவதிலும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது சுமார் 5,000. கூட்டுறவு வங்கியில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இருப்பு 5,000, தேவை 7,200. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. ஆகவே இது வரவே இல்லாத கணக்கு. ஒரே நாளில் 6,000 என்று சொன்னவர்கள் என் பின்னந்தலையையும் சொட்டையாக்கியிருப்பார்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு செலவிடுவது என்பதுதான் முற்றிய வழுக்கையில் சிகிச்சையைப் பற்றிய முதல் கேள்வி என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நம் இரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்துத் தலையில் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசி பற்றிக் கேட்டேன். பளபளவென்று வழுவழுப்பான தோலில் அதனால் பலன் எதிர்பார்க்க முடியாது என்று மறுத்துவிட்டார். ஒட்டுமுடியை ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். திருநெல்வேலி வெயிலில் பசையின் அடியில் வியர்வை தேங்கி அரிப்பெடுத்ததால் கழற்றிவிட்டேன்.

நடுவதற்கு முன் ஓராண்டு மருந்து என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை 1 மில்லிகிராம் தினம் ஒன்று, மினாக்சிடில் 5 சதவீதக் கரைசல் தலையில் பூச. போன முடியைக் கொண்டுவர அல்ல, இருப்பவை மேலும் மெலியாமல் காக்கவே. ஐம்பது வயதுக்காரருக்கு ஃபினாஸ்டரைடு எழுதும் முன், புராஸ்டேட் சுரப்பியின் நிலையைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். இந்த மருந்து அந்த அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அது தெரியாத வேறொரு மருத்துவர் பின்னாளில் புராஸ்டேட் பரிசோதனை முடிவைத் தவறாகப் படித்துவிடலாம். எனக்கு முன்பு 1.2 இருந்தது, ஓராண்டுக்குப் பின் 0.6 ஆனது. என் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே மருந்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். நடுவயதினர் யாரும் இதை விட்டுவிடக் கூடாது.

ஃபினாஸ்டரைடால் தாம்பத்திய விருப்பம் சிலருக்குக் குறையலாம், மனச்சோர்வும் வரலாம் என்பதை மருத்துவர் என் மனைவியையும் உட்கார வைத்துச் சொன்னார். முதல் இரண்டு மாதங்கள் எனக்கு அந்தக் குறை இருந்தது. மனைவி, “முடி இல்லாட்டி என்னங்க, உங்களுக்கு ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க” என்றாள். மருத்துவரும் நிறுத்த விரும்பினால் நிறுத்தலாம் என்றார். இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன் என்றேன், சரியாகிவிட்டது. இந்த மருந்து கருவிலிருக்கும் ஆண் குழந்தையைப் பாதிக்கலாம்; என் இரத்தம் வழியாக அது ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடக் கூடாது என்பதால், ஆண்டுதோறும் செய்துவந்த இரத்த தானத்தை நிறுத்த வேண்டியிருந்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருந்த மாதங்களில், உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணி தொடக் கூடாது என்பதால், டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

மினாக்சிடில் பூசத் தொடங்கிய நான்காம் வாரம் தலையணை உறையெங்கும் முடி கிடந்தது. பழைய முடி உதிர்ந்து வேர் புதுச் சுற்றுக்குப் போவதால் அப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தும் மனம் ஒடிந்துபோனேன். இரண்டு மாதத்தில் அது நின்றது.

நடுதலுக்கு நாங்கள் முடிவு செய்தது 2,400 கிராஃப்ட். நெற்றிக்கோட்டிலிருந்து நடுத்தலை வரை 60 சதுர சென்டிமீட்டர், சதுர சென்டிமீட்டருக்கு 40 வீதம். உச்சியைத் தொடுவதில்லை. கிராஃப்டுக்கு 45 ரூபாய் வீதம் 1,08,000 ரூபாய் ஆயிற்று. 2016-இல் சென்னையில் முடி நடச் சென்ற மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்த செய்தி என் நினைவில் இருந்ததால், மயக்கம் கொடுப்பது யார், அவசரத்துக்கு என்ன வசதி என்று கேட்டேன். தகுதி பெற்ற மருத்துவர்தான் முடி நடும் சிகிச்சையைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. வேரை எடுக்கத் துளையிடுவதும், நடுவதற்குக் கீறுவதும் தாமே செய்வதாக மருத்துவர் சொன்னார், அப்படியே செய்தார். மரத்துப்போகும் ஊசிகள் நெற்றியில் இறங்கிய பத்து நிமிடம்தான் வலி. பிறகு எட்டு மணி நேரம் பெரும்பாலும் குப்புறவும் மல்லாந்தும் கிடந்தேன். எடுத்த கிராஃப்டுகளைக் குளிர்ந்த கரைசலில் வரிசையாக அடுக்கியிருந்ததைக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் எள்ளளவுதான், நுனியில் வெண்மையாகச் சிறு வேர்.

மூன்றாம் நாள் நெற்றி வீங்கி இமை வரை இறங்கியது. இரண்டு நாளில் வடிந்தது. ஒரு வாரம் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கினேன். பத்தாம் நாள் மனைவி சொம்பில் நீர் ஊற்றி விரல்நுனியால் பொருக்குகளை நீக்கினாள். ஐந்தாம் வாரத்துக்குள் நட்ட முடி ஏறக்குறைய முழுவதும் உதிர்ந்தது. வேர் உள்ளே இருக்கிறது என்று தெரிந்திருந்ததால் இம்முறை கலங்கவில்லை. நான்காம் மாதம் பூனைமுடி போல் முளைத்தது. பதினான்காம் மாதம் சீப்பு பிடிக்கும் அளவுக்கு வந்தது.

போன மாதம் மருத்துவர் அதே கேமராவை மறுபடி வைத்துப் பார்த்தார். பின்னந்தலையில் இன்னும் சுமார் 2,500 எடுக்கலாம் என்றார். உச்சிக்கு வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றேன். அறுபதில் நடுத்தலையின் ஓரங்கள் மெலிந்தால், முன்னால் நட்டது மட்டும் தீவு போல் தனியே நின்றுவிடக் கூடாது. அப்போது அந்த இடைவெளியை நிரப்ப அது அங்கேயே இருக்கட்டும்.